தோட்ட வீட்டுக்குப் பழைய ஆர்720 சர்வர் ஏற்றதா?
வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட்டில் தோட்ட வரிசை வீட்டில் குடும்பப் படங்களையும் கேமராப் பதிவுகளையும் சேமிக்க, ஈப்போவில் விலைக்கு வந்துள்ள டெல் பவர்எட்ஜ் ஆர்720 சர்வரை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் தேவைக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து.

2012-இல் வெளிவந்த அந்த வகை இயந்திரம், வேலையின்றிச் சும்மா இருக்கும்போதே 100 வாட்டைத் தாண்டுவது வழக்கம். 120 வாட் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 86 யூனிட் ஆகிறது. மதிய வெயிலில் தகரக் கூரையின் கீழ் அதன் விசிறிகள் எழுப்பும் இரைச்சலில் வீட்டில் யாரும் நிம்மதியாக உறங்க முடியாது. அலுவலகங்கள் கழித்துவிடும் ஐ5 கணினியும் இரண்டு புதிய ஹார்ட் டிஸ்க்கும் உங்களுக்குப் போதும்.

அந்த ஆர்720-ஐயே வாங்குவதென்று முடிவு செய்தால், விற்பவர் முன்னிலையிலேயே ஓடவிட்டு, இரண்டு பவர் சப்ளைகளில் ஒன்றை மாற்றி ஒன்றாகப் பிடுங்கி, இயந்திரம் அணையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். சர்வரின் நிலையைக் கண்காணிக்கும் உள் கருவியான ஐடிராக்கின் பதிவேட்டில் மெமரிப் பிழைகள் உள்ளனவா என்பதையும் கவனியுங்கள். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் எச்710 ரெய்டு கார்டு இருந்தால், அதன் மென்பொருளை மாற்றாமல் இசட்எஃப்எஸ் என்ற கோப்புச் சேமிப்பு முறையை அமைப்பது உகந்ததன்று. உடன் தரும் டிஸ்க்குகள் சர்வர்களுக்கான எஸ்ஏஎஸ் வகை என்றால், அவற்றைச் சாதாரணக் கணினியில் நேரடியாகப் பொருத்த முடியாது.

எதை வாங்கினாலும் இடியை மறந்துவிடாதீர்கள். மின்கம்பி வழியாக மட்டுமல்ல, வெளிக் கேமராவிலிருந்து வரும் நெட்வொர்க் கம்பி வழியாகவும் அது பாயும்; இரண்டுக்கும் மின்னெழுச்சித் தடுப்பான் வேண்டும்.