அந்த 3,039 பேர் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நான் மில்டன் கீன்ஸில் இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து லண்டனுக்கு வந்தபோது நான் கைக்குழந்தை. இப்போது என் மகனுக்கு எட்டு வயது. இந்த ஊர் உதைபந்தாட்ட அணியான எம்கே டான்ஸ் என்றால் அவனுக்கு உயிர். மட்ச் இருக்கிற நாளில் விடியவே வெள்ளை ஜெர்சியைப் போட்டுக்கொண்டு நிற்பான். என்னோடு வேலை செய்யும் ஒருவர் விம்பிள்டன் பக்கத்து ஆள். மகனின் படத்தைப் பார்த்துவிட்டு, “அது களவெடுத்த கிளப்” என்று சொல்லிவிட்டார். மனம் சரியாக நொந்துபோனது. லண்டனின் விம்பிள்டன் கிளப்தான் இங்கே கொண்டுவரப்பட்டு எம்கே டான்ஸ் ஆனது என்ற பழைய கதையைத் தேடி வாசித்தேன். விம்பிள்டனின் பிரீமியர் லீக் மட்ச் ஒன்றுக்கே 3,039 பேர்தான் போயிருக்கிறார்கள். சனம் வராத கிளப் வேறு ஊருக்குப் போனால் என்ன பிழை? நாங்களும் ஊரை விட்டு வந்த ஆட்கள்தானே? இந்தியாவிலும் உதைபந்தாட்ட அணிகள் ஊர் மாறுகின்றன, அங்கே ஒருவரும் அழவில்லையே. மகனிடம் வேறு கிளப்பைப் பார் என்று சொல்லவா?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பிக்கு,

மகனைப் பற்றிய கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். விம்பிள்டன் அணி மில்டன் கீன்ஸுக்கு ஊர் மாற அனுமதித்த, கால்பந்துச் சங்கம் அமைத்த மூவர் குழுவின் தீர்ப்பைச் சமீபத்தில்தான் மறுபடி எடுத்துப் படித்தேன். 2002 மே 28 அன்று, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வந்த தீர்ப்பு. ரசிகர்கள் கிளப்பைச் சாம்பலிலிருந்து எழுப்பி, தொடங்கிய இடத்திலிருந்தே மறுபடி தொடங்குவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கோபம் ஆறாமல் இருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால் திட்டு கொஞ்சம் கூடுதலாகவே விழும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

3,039. எண் சரிதான். 1993 ஜனவரி 26, எவர்ட்டனுடன் ஆட்டம். கொரோனா காலத்தில் பூட்டிய மைதானங்களுக்குள் நடந்த ஆட்டங்களை விட்டுவிட்டால், பிரீமியர் லீக்கில் அதைவிடக் குறைந்த கூட்டம் கிடையாது. ஆனால் அது எங்கே நடந்தது என்று பார்த்தீர்களா? செல்ஹர்ஸ்ட் பார்க்கில். அது கிரிஸ்டல் பேலஸ் அணியின் மைதானம். ஜனவரிக் குளிரில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, வேலை முடிந்து வந்தவர்கள், பக்கத்து அணியின் வீட்டுக்குப் போய்த் தங்கள் அணியைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர்களுடைய சொந்த மைதானமான பிளவ் லேன் 1912-லிருந்து விம்பிள்டனில் இருந்தது. 1989-ல் ஹில்ஸ்பரோவில் நெரிசலில் 97 பேரைப் பலிகொண்ட விபத்துக்குப் பிறகு, மேல்மட்ட அணிகளின் மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்று டெய்லர் அறிக்கை சொன்னது. நியாயமான விதி. பிளவ் லேனை அதற்கேற்பத் திருத்திக் கட்ட முடியாது என்று முதலாளிகள் கைவிரித்தார்கள். 1991-ல் ‘தற்காலிகமாக’ வெளியே போன அணி பன்னிரண்டு ஆண்டுகள் வாடகைக்கே இருந்தது. இடையில் பழைய மைதானத்தை ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனத்துக்கு விற்றாயிற்று. டப்ளினுக்குக் கொண்டுபோகலாமா என்றுகூடப் பேச்சு ஓடியது. வீட்டைப் பிடுங்கிவிட்டு, ஏன் வீட்டுக்கு யாரும் வருவதில்லை என்று கேட்பது என்ன நியாயம், தம்பி?

இரண்டாயிரமாவது ஆண்டு வாக்கில் டூட்டிங்கில் சித்தி வீட்டில் சில மாதங்கள் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர், விம்பிள்டன் ரசிகர். எனக்குக் கால்பந்து பற்றி அதிகம் தெரியாது. துணைக்கு வா என்று செல்ஹர்ஸ்ட் பார்க்குக்குக் கூட்டிப்போவார். கம்பளிக் காலுறைக்குள் செருகிய ஒரு ஃபிளாஸ்க் எப்போதும் அவர் பையில் இருக்கும். இடைவேளையில் மூடியில் தேநீர் ஊற்றி எனக்கு நீட்டிவிட்டு, அவர் ஃபிளாஸ்கிலிருந்தே குடிப்பார். மைதானத்துக் கடையில் வாங்கினால் அந்தக் காசு பேலஸுக்குப் போய்விடும் என்பது அவர் கணக்கு. அத்தனை ஆண்டுகளில் அங்கே ஒரு கோப்பைத் தேநீர்கூட வாங்கியதில்லை. ஒருநாள் திரும்பும்போது பிளவ் லேன் வழியாக வந்தோம். பூட்டிய தகரக் கதவின் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னார். படிக்கட்டுகளில் இடுப்பளவு புல். தன் அப்பா நின்று பார்த்த இடம் எது, 1977-ல் அணி தேசிய அளவிலான ஃபுட்பால் லீக்கில் நுழைந்தபோது தான் நின்ற இடம் எது என்று விரலால் காட்டினார். 1988-ல் எஃப்ஏ கோப்பையின் இறுதி ஆட்டத்தில் லிவர்பூலை 1–0 என்று வென்ற அணி அது. பதினொரு ஆண்டுகளுக்கு முன்புவரை லீக்குக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்த அணி.

அந்த இரவு வந்தவர்கள் குறைவு என்கிறீர்கள் நீங்கள். அந்த நிலையிலும் 3,039 பேர் வந்தார்களே என்று மலைக்கிறேன் நான்.

எண்தான் வேண்டுமென்றால் இன்னும் தருகிறேன். தீர்ப்பு வந்த ஆறே வாரத்தில், ரசிகர்கள் ஏஎஃப்சி விம்பிள்டன் என்ற புது கிளப்பைத் தொடங்கி, விம்பிள்டன் காமன் புல்வெளியில் ஆட வந்தவர்களிலிருந்து ஆட்களைப் பொறுக்கி, சட்டன் அணியோடு நட்பு ஆட்டத்தில் இறங்கினார்கள். 4–0 என்று தோற்றார்கள். பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். அதே ஆண்டு அக்டோபரில், இன்னும் செல்ஹர்ஸ்ட் பார்க்கிலேயே ஆடிக்கொண்டிருந்த பழைய கிளப், இங்கிலாந்தின் இரண்டாம் அடுக்கு லீக்கில் ரோதரம் அணியைச் சந்தித்தது. வந்தவர்கள் 849 பேர். உள்ளூர்ச் சில்லறை லீக் ஒன்றில் ஆடிய புது கிளப்புக்கு அந்தப் பருவம் முழுக்க ஆட்டத்துக்குச் சராசரியாக மூவாயிரம் பேர். இப்போது சொல்லுங்கள், சனம் வரவில்லையா? சனம் வந்தது. தன்னுடையது எதுவோ அதற்கு வந்தது.

அடுத்து, “நாங்களும் ஊரை விட்டு வந்த ஆட்கள்தானே” என்ற வரி. இதை எழுதும்போது உங்கள் அப்பாவை ஒரு நொடி நினைத்துப் பார்த்தீர்களா? அவர் லாபம் பார்த்து இடம் மாறியவரா? உயிருக்குப் பயந்து, பிள்ளையைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தவர். அவரையும், ஐகியா, அஸ்டா என்ற பெருங்கடைகள் சேர்ந்த ஒரு கட்டுமானத் திட்டத்துக்கு நடுவில் ஸ்டேடியம் வேண்டும், ஸ்டேடியத்துக்கு ஓர் அணி வேண்டும் என்று கணக்குப் போட்டவர்களையும் ஒரே வரியில் எழுதிவிட்டீர்களே. ஊரை விட்டு வந்த சனம் ஊரைக் கூடவே கொண்டுவருகிறது. கோடையில் லண்டனில் நம் ஆட்கள் நடத்தும் போட்டிகளுக்குப் போனால் தெரியும், ஊர்ப் பெயரிலும் பழைய பள்ளிக்கூடத்தின் பெயரிலும் அணிகள் இறங்குகின்றன. விம்பிள்டனில் நடந்தது தலைகீழ். சனம் ஊரிலேயே இருந்தது, சனத்தின் பொருளை எடுத்துக்கொண்டு போனார்கள். உங்கள் வீட்டுக்கு நேர்ந்த துயரத்துக்குப் பக்கத்தில் எதையாவது வைக்க வேண்டுமானால், அதை அந்தத் தபால்காரருக்குப் பக்கத்தில் வையுங்கள்.

மில்டன் கீன்ஸுக்கு நல்ல அணி வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். 1967-ல் உருவான புதுநகரம், லீக் அணி இல்லாத ஊர், ஆசை நியாயமானது. ஆனால் இங்கிலாந்தின் கால்பந்து அமைப்பில், வென்றால் மேல் அடுக்குக்கு ஏறும் ஏணி எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. உள்ளூர் அணி ஒன்றை வளர்த்து ஏறியிருக்கலாம். ஏஎஃப்சி விம்பிள்டன் அடியிலிருந்து தொடங்கி, ஒன்பதே ஆண்டில், 2011-ல் லூட்டனை பெனால்டியில் வென்று லீக்குக்குள் வந்துவிட்டது. நடுவில் 78 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. கோட் சூட் போட்ட அந்தக் குழு கால்பந்தின் நலனுக்கு ஆகாது என்று சொன்ன காரியம் இது. 2020 நவம்பரில் பிளவ் லேன் தெருவிலேயே, பழைய மைதானத்துக்குச் சற்றுத் தள்ளி, சொந்த மைதானத்துக்குத் திரும்பிவிட்டார்கள். ரசிகர்களும் கைக்காசு போட்டார்கள். கிளப் இன்றும் ரசிகர்களின் அறக்கட்டளையின் கையில்தான் இருக்கிறது.

இந்தியக் கேள்வியை விட்டுவிடுவோம். 2019-ல் டெல்லி அணி புவனேஸ்வரத்துக்குப் போய் ஒடிசா எஃப்சி ஆனபோது அதற்கு வயது ஐந்து. அந்த வயதில் ஓர் ஊரில் எவ்வளவு வேர் பிடித்திருக்கும்? அழுதவர்கள் அங்கேயும் இருந்தார்கள், உங்கள் காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

இனி மகன். எம்கே டான்ஸையே பார்க்கட்டும். அவன் பிறந்து வளரும் ஊரின் அணி அது. எதையும் எடுத்துக்கொண்டு வந்தவன் அவன் இல்லை. 2014-ல் மான்செஸ்டர் யுனைட்டெட்டை 4–0 என்று அடித்த கதையைச் சொல்லிக்கொடுங்கள். அதே ஊரில் பிறந்து, பதினொரு வயதில் அந்த கிளப்புக்குப் போய், இங்கிலாந்துக்காக ஆடிய டெலி அலியைப் பற்றிச் சொல்லுங்கள். 1988 கோப்பையை மட்டும் அவனுடையது என்று சொல்லாதீர்கள். கிளப்பே அதை உரிமை கொண்டாடுவதில்லை. விம்பிள்டனின் கோப்பைகளையும் நினைவுப் பொருட்களையும் 2007-ல் அந்த ஊர் இருக்கும் மெர்ட்டன் கவுன்சிலிடம் ஒப்படைத்துவிட்டு, தங்கள் வரலாறு 2004-ல் தொடங்குகிறது என்று ஏற்றுக்கொண்டார்கள். விம்பிள்டனின் செல்லப்பெயரான ‘டான்ஸ்’ என்ற பெயரையும் கொடுத்துவிட்டால் நல்லது என்பது என் ஆசை. விம்பிள்டன்காரர்கள் அதையும்தான் கேட்கிறார்கள்.

உங்களோடு வேலை செய்பவருக்கும் ஒரு வார்த்தை. அவருடைய கோபத்தில் முழு நியாயம் இருக்கிறது. அதை எட்டு வயதுப் பிள்ளையின் படத்தைப் பார்த்துக் கொட்டியதில் துளி நியாயமும் இல்லை. அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். அடுத்த முறை இரண்டு அணிகளும் மோதும்போது மகனோடு பிளவ் லேனுக்கு வருவதாகவும் சொல்லுங்கள். வெளியூர் ரசிகர்கள் பகுதிக்கு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.