உப்பைத் தூவினால் பனி வராது, பிசுபிசுப்புதான் வரும்

கைவேலை: கேள்வி - பதில்

கேள்வி: அக்கா, கிறிஸ்துமஸுக்கு நானே கார்டு செய்து சொந்தக்காரர்களுக்கு அனுப்புவது வழக்கம். இந்த வருஷம் கூரை மேல் பனி கிடக்கிற மாதிரி இருக்கட்டும் என்று, ஒரு வீடியோவில் பார்த்தபடி ஃபெவிகால் தடவித் தூள் உப்பைத் தூவினேன். அன்றைக்கு மின்னிக்கொண்டு அழகாகத்தான் இருந்தது. நாலு நாளில் கசிந்து, நீல மை ஓடி, அட்டையே நைந்துவிட்டது. வீடியோவில் மட்டும் எப்படி நிற்கிறது?
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: வீடியோ எடுத்தவர் ஊரில் காற்று காய்ந்திருக்கும், அவ்வளவுதான். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே தானாகத் தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும், அதில் மக்னீசியம் கலந்திருந்தால் இன்னும் சீக்கிரமாகவே கசியும். நமக்கோ பெரிய மழையே ஐப்பசி, கார்த்திகையில்தான். அது முடிந்தும் வாடைக்காற்றில் கொடியில் கிடக்கிற துணி காய்ந்ததா இல்லையா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. வாலிநோக்கம் உப்பளத்திலேயே மழைக்காலத்தில் உப்பு வாருவதில்லை, நீங்கள் அதே மாதத்தில் அதே உப்பை அட்டையில் உலர வைக்கப் பார்த்திருக்கிறீர்கள்.

ரவை, சர்க்கரை, அரிசி மாவு எல்லாவற்றையும் கூடவே மறந்துவிடுங்கள். எறும்பு வரும், ரவையில் வண்டும் வரும்.

நம் கடற்கரைக்குத் தாங்குவது பசைக்கலவைதான். சாதாரண முகப்பவுடர் இரண்டு பங்கு, ஃபெவிகால் ஒரு பங்கு, வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் ஒரு பங்கு. இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியில் எடுத்தால் வழியாமல் நிற்கிற பதம் வரும்வரை பவுடரைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். பவுடருக்குப் பதில் கோலக் கடையில் விற்கிற வெள்ளைக் கல்மாவையும் போடலாம், கொஞ்சம் நறநறவென்று இருக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். ஐஸ் குச்சியால் வைத்துவிட்டு, வழவழப்பாக இழுத்து விடாதீர்கள். விரல் நுனியால் லேசாகத் தட்டித் தட்டி எடுத்தால் சின்னச் சின்ன மேடு எழும்பும், காய்ந்த பிறகு அதன் மேல் விளக்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது பாருங்கள், அசல் பனிதான். மினுமினுப்பு வேண்டுமானால் பசை ஈரமாக இருக்கும்போதே நிறமில்லாத ஜிகினாவை ஒரு சிட்டிகை, ஓரத்தில் மட்டும். வெள்ளி ஜிகினாவை அள்ளிப் போட்டால் பனி போய்க் கல்யாணப் பத்திரிகை ஆகிவிடும்.

பொசுபொசுவென்று உப்பலாக வேண்டும் என்றால் ஷேவிங் ஃபோமும் ஃபெவிகாலும் சரிக்குச் சரி. அதைப் போட்டு அடிக்காமல் மெதுவாகப் புரட்டிக் கலக்க வேண்டும், இல்லையென்றால் நுரை செத்துவிடும். எதுவாக இருந்தாலும் ஒரு ராத்திரி முழுக்க ஃபேனுக்கு அடியில் படுக்கவைத்துக் காய விடுங்கள். அவசரப்பட்டு ஹேர் டிரையரை நெருக்கிப் பிடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் நின்றுவிடும். அட்டை 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) இருந்தால் நல்லது, பள்ளிக்கூடச் சார்ட் பேப்பர் சுருண்டுகொள்ளும்.

அப்புறம், பொருளைவிட முக்கியமானது பனியை எங்கே வைக்கிறோம் என்பது. பனி மேலேயிருந்து விழுவது, அதனால் மேல்நோக்கி இருக்கிற இடத்தில்தான் தங்கும். கூரைச் சரிவு, வேலியின் தலை, ஜன்னல் விளிம்பு, கிளையின் முதுகு. கிளையின் வயிற்றில் வெள்ளை வைத்தீர்களோ, என்ன நல்ல பசையாக இருந்தாலும் பஞ்சு ஒட்டின மாதிரிதான் தெரியும். கூரை ஓரத்துக்குக் கீழே, பனிமேட்டின் ஒரு பக்கத்தில், நிறைய தண்ணீர் விட்ட நீலத்தை ஒரு கோடு தடவுங்கள். வெயில் படாத பனியின் மேல் வானத்தின் வெளிச்சம்தான் விழும், அதனால் அந்த நிழல் கருப்பாக இருக்காது, நீலமாக இருக்கும். இந்த ஒரு கோடு இல்லாமல் வெள்ளையை எவ்வளவு பூசினாலும் சுண்ணாம்புச் சுவர்தான்.

விழுந்துகொண்டிருக்கிற பனிக்குப் பழைய டூத்பிரஷ் போதும். வெள்ளை போஸ்டர் கலரைத் தண்ணீராக இல்லாமல் சற்றுத் திக்காகக் கரைத்து, முதல் தெறிப்பைச் செய்தித்தாளில் விட்டுவிட்டு, பிறகு அட்டையில் கட்டை விரலால் சிலுப்புங்கள். தூரத்துப் பனி பொடிப்பொடியாக நிறைய, பக்கத்துப் பனி பெரிதாகக் கொஞ்சம். பெரிய புள்ளிகளைத் தூரிகை நுனியால் கையில் வையுங்கள், வரிசையாக மட்டும் வேண்டாம்.

உப்பை விட மனசில்லையா? சரி, அதற்கும் ஓர் இடம் இருக்கிறது. வாட்டர்கலரில் வானத்தைப் பூசி, ஈரத்தின் பளபளப்பு மங்கப்போகிற நேரத்தில் நாலு கல் உப்பைப் போடுங்கள். ஒவ்வொரு கல்லும் சுற்றியுள்ள வண்ணத்தை உறிஞ்சி, வெளிறிய பூ மாதிரி ஓர் அடையாளத்தை விடும். நன்றாகக் காய்ந்ததும் உப்பை ஒரு துகள் விடாமல் தட்டிவிட வேண்டும். உப்பு வந்த வேலையை முடித்துவிட்டுப் போய்விட வேண்டும், அட்டையில் குடியிருக்கக் கூடாது.

கேள்வி: மீன் பெட்டித் தெர்மாகோல் உடைசல் எங்கள் தெருவில் நிறையக் கிடக்கிறது. கரையில் வெள்ளையாகப் பவளக் கல்லும் ஒதுங்குகிறது. இவற்றைத் துருவியோ இடித்தோ பனியாகப் பயன்படுத்தலாமா?
- வாசகர், மண்டபம்

பதில்: பவளக் கல்லைத் தொடவே வேண்டாம். செத்துக் கரை ஒதுங்கியதாக இருந்தாலும் அதை எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம், வழக்கு வரும். தெர்மாகோலைத் துருவினால் குருணை கையில், சட்டையில், ஃபேனில் எல்லாம் ஒட்டிக்கொண்டு மிச்சம் காற்றில் கடலுக்குப் போகும். மீன் வாசனை வேறு, அதை வாங்கிக்கொள்கிற சித்திக்குத் தனியாக விளக்கம் சொல்ல வேண்டும். வெள்ளை முட்டை ஓட்டைக் கழுவி, உள்தோலை உரித்து, காயவைத்து நொறுக்கிப் போடுங்கள். உறைந்த குளத்தின் வெடிப்புக்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது.

கேள்வி: காகிதத்தில் பனிப்பூ வெட்டினேன், எட்டு இதழ் வந்தது. ஆறுதான் இருக்க வேண்டும் என்று டீச்சர் சொல்கிறார். எட்டு ஏன் கூடாது?
- மாணவி, கீழக்கரை

பதில்: டீச்சர் சொல்வது சரி. தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணமாகத்தான் அடுக்கிக்கொள்கின்றன, அதனால்தான் ஆறு கை. ஏன் ஆறு என்று வானியல் அறிஞர் கெப்ளர் 1611-லேயே ஒரு சின்ன நூல் எழுதினார். அமெரிக்காவில் வெர்மான்ட் விவசாயி வில்சன் பென்ட்லி 1885-இல் தொடங்கி ஐயாயிரத்துக்கு மேல் பனிப்படிகங்களைப் படம் எடுத்திருக்கிறார், இணையத்தில் தேடிப் பாருங்கள், வெட்டுவதற்கு அவ்வளவு மாதிரி கிடைக்கும். சதுரக் காகிதத்தைப் பாதியாக மடித்து மறுபடி பாதி, மறுபடி பாதி என்று போவதால்தான் எட்டு வருகிறது. முதல் மடிப்புக்குப் பிறகு, நடுப்புள்ளியிலிருந்து மூன்று சம பங்காக மடியுங்கள்.

கேள்வி: நம்மூரில் பனி பெய்ததே இல்லை. பாம்பன் பாலத்தில் பனி பெய்கிற மாதிரி கார்டு வரைந்தால் சிரிப்பார்களா?
- வாசகர், பாம்பன்

பதில்: சிரிக்கட்டுமே. 1843-இல் லண்டனில் அச்சான முதல் கிறிஸ்துமஸ் கார்டில் பனியே இல்லை, ஒரு குடும்பம் விருந்தில் உட்கார்ந்திருக்கும். அவர்கள் பனியை விட்டார்கள், நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். 1914-இல் திறந்த பழைய பாலத்தையே வரையுங்கள், அதன் இரும்புச் சட்டங்களின் மேல்விளிம்புகளில் பசை வைக்க எவ்வளவோ இடம் இருக்கிறது. தண்டவாளம், தூண்களின் தலை, கீழே நிற்கிற வள்ளங்களின் அணியம் (முன்பக்கம்) எல்லாம் வெளுக்கட்டும். கடல் மேல் மட்டும் வெள்ளை வைக்காதீர்கள். தண்ணீரில் விழுந்த பனி உடனே கரைந்துவிடும், அதைக் கரும்பச்சையாகவே விடுங்கள்.