பவளத் தீவு என்கிறாரே ஏஜென்ட், எந்தத் தீவு?

கேள்வி: ஜூலை முதல் வாரம் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். 67 வயது அம்மா, 8 வயது மகன், நாங்கள் இருவர். யாருக்கும் நீச்சல் தெரியாது. “பவளத் தீவும் ஜாலிபாயும் பேக்கேஜில் உண்டு. அனுமதிச் சீட்டு கிடைப்பது கஷ்டம், முழுப் பணத்தையும் இப்போதே கட்டிவிடுங்கள்” என்கிறார் ஏஜென்ட். நீச்சல் தெரியாதவர்கள் பவளப்பாறை பார்க்க முடியுமா? கட்டலாமா?
(மதுரை வாசகர்)

பதில்: பார்க்கலாம். நீச்சல் தெரியாததைப் பற்றிக் கவலையே படாதீர்கள். ஆனால் பணத்தைக் கட்டாதீர்கள்.

ஜூலையில் ஜாலிபாய் தீவுக்குப் படகே கிடையாது. அது வண்டூரில் இருக்கும் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. 1983இல் அறிவிக்கப்பட்ட பூங்கா அது. 281 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு, பதினைந்து தீவுகள். அத்தனையிலும் நம்மைப் போன்றவர்கள் இறங்க முடிவது இரண்டே தீவுகளில்தான்: ஜாலிபாய், ரெட் ஸ்கின். அதுவும் ஒன்று திறந்திருந்தால் மற்றது மூடியிருக்கும். நவம்பர், டிசம்பர் வாக்கில் தொடங்கி மே நடுப்பகுதி வரை ஜாலிபாய், மழைக்கால மாதங்களில் ரெட் ஸ்கின். பாறைகளுக்கு மனிதக் கால்களிலிருந்து கொஞ்ச காலம் ஓய்வு கொடுக்கத்தான் இந்த ஏற்பாடு. அந்தமானில் தொழில் செய்கிற ஏஜென்ட்டுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தே ஜூலைக்கு ஜாலிபாய் விற்கிறார்.

சரி, அவர் சொல்லும் ‘பவளத் தீவு’ எது? அநேகமாக நார்த் பே. பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கம் தென்னை மரங்களோடு ஒரு கடற்கரைக் காட்சி வருமே, அதே இடம். பேக்கேஜ் அட்டவணைகளில் அதற்குக் ‘கோரல் ஐலண்ட்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது தீவே இல்லை. தெற்கு அந்தமானை ஒட்டிய ஒரு விரிகுடா. தேசியப் பூங்காவுக்குள்ளும் வராது. போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) நகரத்துப் படகுத்துறையிலிருந்து கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். அங்கேயும் பவளம் உண்டு, போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடலடி நடை, ஸ்கூபா, பாதி முங்கிய படகு என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்து இழுப்பார்கள். வண்டூர் போனதாக நினைத்துக்கொண்டு நார்த் பே பார்த்துவிட்டு, “அந்தமான் பவளம் இவ்வளவுதானா?” என்று என்னிடம் கேட்டவர்களுக்குக் கணக்கே இல்லை. அதனால் ஏஜென்ட்டிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: தீவின் பெயரை ரசீதில் எழுதித் தருவீர்களா? மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

அனுமதிச் சீட்டுக்கு வருவோம். வனத்துறை நுழைவுச் சீட்டு தனி, படகுக் கட்டணம் தனி. இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே தாளில் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. இந்த இரட்டைச் சீட்டுக் குழப்பத்தில்தான் இடைத்தரகர் பிழைப்பு நடக்கிறது. நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு இருப்பது உண்மைதான். ஆனால் அந்த நெருக்கடி டிசம்பர், ஜனவரியில். ஜூலையில் ‘சீட்டு கஷ்டம்’ என்பது சும்மா பயமுறுத்தல். அடையாள அட்டையும் அதன் ஜெராக்ஸும் கையில் இருந்தால் நீங்களே வாங்கிக்கொள்ளலாம். திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை, அந்த நாளில் திட்டம் போடாதீர்கள்.

முழுப் பணம் கட்டாதீர்கள் என்று சொன்னதற்கு இன்னொரு காரணம் காற்று. வண்டூர் இருப்பது தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து மோதும் பக்கம். கடல் கொந்தளித்தால் படகு விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஒருமுறை உறவினர்களைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் எழுந்து ஒரு படகுத்துறைக்குப் போனேன். கதவில் ஒரு தாள்: ‘இன்று படகு இல்லை’. முந்தின நாள் மாலையே எடுத்த முடிவாம். அதை இணையத்தில் ஒரு வரி போட என்ன கேடு? அன்று பேக்கேஜில் முன்பணம் கட்டியிருந்தவர்களுக்குக் கிடைத்தது, “நாளைக்குப் பார்ப்போம் சார்” என்ற பதில் மட்டும்தான்.

நீங்கள் கேட்ட பயத்துக்கு வருகிறேன். கண்ணாடிப் படகு என்று ஒன்று உண்டு. அடித்தட்டில் கண்ணாடி பதித்திருக்கும். அம்மா உட்கார்ந்தபடியே பார்க்கலாம், சேலை நனையாது. பெரிய படகிலிருந்து சின்னப் படகுக்கு மாறும்போது மட்டும் ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்களும் மகனும் ஸ்நார்க்கெல்லிங் செய்யலாம். மிதவைச் சட்டை போட்டு, வளையத்தைப் பிடிக்கச் சொல்லி, வழிகாட்டி இழுத்துக்கொண்டு போவார். முகத்தைத் தண்ணீரில் வைத்து, வாயில் கடித்திருக்கும் குழாய் வழியாக மூச்சு விட்டால் போதும். பயந்துபோய் காலை ஊன்றிவிடாதீர்கள். நீங்கள் பாறை என்று மிதிப்பது உயிருள்ள பிராணிகளின் கூட்டம். வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிய விஷயம்.

விளம்பரத்தில் பார்க்கும் சிவப்பையும் ஊதாவையும் எதிர்பார்க்காதீர்கள். சூரிய ஒளியின் சிவப்பைத் தண்ணீர் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும். நேரில் பழுப்பும் பச்சையும்தான் அதிகம். 2010இலும் 2016இலும் கடல் சூடேறி அந்தமானில் ஏராளமான பவளம் வெளிறியது. அதனால் இறந்த கிளைகளும் கண்ணில் படும். மழை மாதத்தில் தண்ணீர் கலங்கலாகவும் இருக்கும். பயணத்தை மாற்ற முடியுமானால் பிப்ரவரி, மார்ச்சுக்கு மாற்றுங்கள். பள்ளி விடுமுறைதான் தடை என்றால் மே முதல் வாரம்கூடப் பரவாயில்லை, அப்போது ஜாலிபாயே திறந்திருக்கும்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எட்டு வயதுப் பையன் கட்டாயம் செய்வான்: கரையில் ஒதுங்கிய பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொள்வான். கூடாது. செத்த துண்டானாலும், உள்ளங்கையளவு ஆனாலும் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடினப் பவளங்கள் இருக்கின்றன, புலியும் அதே அட்டவணைதான். விமான நிலையத்தில் பையைச் சோதிப்பார்கள். சங்கு, சிப்பி விஷயத்தில் விலக்கு உண்டு: தடைப் பட்டியலில் இல்லாத இனமாக இருந்து, உரிமம் பெற்ற கடையில் ரசீதோடு வாங்கியிருந்தால் கொண்டுவரலாம். ரசீது கைப்பையில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் போய்விட்டால் விமான நிலையத்தில் அதைத் தேடிக்கொண்டு நிற்பீர்கள். ஒரு சங்குக்கு வாங்கிய ரசீதைக் காட்டி, பொறுக்கிய நாலு சிப்பியையும் சேர்த்துக் கடத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். ‘எல்லாம் சேர்த்து எவ்வளவு’ என்று மொத்தமாக எழுதிக் கொடுக்கும் ரசீதையும் வாங்காதீர்கள், பொருளின் பெயர் அதில் இருக்கட்டும். கடைக்காரர் “ஒண்ணும் ஆகாது சார்” என்பார். பையைத் திறந்து பார்க்கும்போது அவர் உங்கள் பக்கத்தில் நிற்கப்போவதில்லை.