பக்கத்து வாங்குப் பெயரைப் போட்டுப் பாருங்கள்

கேள்வி: வவுனியாவில் கணக்கியல் பட்டம் முடித்துவிட்டு, ஊரிலுள்ள பால் சேகரிப்பு நிலையமொன்றில் கணக்கு எழுதுகிறேன். கிளிநொச்சிப் பக்கம் இதைவிட நல்ல வேலை தேடுகிறேன். சுயவிபரக்கோவையின் தலைப்பில் நம்மை ஒரு ‘பிராண்ட்’ போலக் காட்டும் வாசகம் வேண்டுமாம். “கடின உழைப்பும் அர்ப்பணிப்பும் தலைமைத்துவமும் மிக்க இளம் பட்டதாரி” என்று எழுதினேன். ஒருவரும் கூப்பிடவில்லை. என்னை நானே புகழக் கூச்சமாகவும் இருக்கிறது.
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, அந்த வாசகத்தின் கீழ், வகுப்பில் உங்கள் பக்கத்து வாங்கில் இருந்தவரின் பெயரைப் போட்டுப் பாருங்கள். அச்சாகப் பொருந்தும். அங்கேதான் கோளாறு. தான் சோம்பேறி என்று எழுதி யார் விண்ணப்பிக்கிறார்கள்?

ஆளையே பிராண்டாகப் பார்க்கும் இந்தப் பேச்சு, 1997இல் டொம் பீற்றர்ஸ் என்ற அமெரிக்கர் ஒரு சஞ்சிகையில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு நன்றாகப் பரவியது. சவர்க்காரம் விற்கிற மாதிரித்தான் எனக்கும் படும். ஆனாலும் உள்ளே ஒரு நியாயம் இருக்கிறது: ‘இவர் வந்தால் எங்களுக்கு என்ன வேலை முடியும்?’ என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது. அதற்குப் புகழ்ச்சி தேவையில்லை. செய்கிற வேலையைச் சொன்னால் போதும்.

உங்கள் வேலை சாதாரணமானதா? விடியப் பால் கொண்டுவரும் ஒவ்வொருவரின் லீற்றரையும் கொழுப்பு அளவையும் பதிந்து, அதற்கேற்பக் காசு போடவேண்டும். பத்து ரூபாய் பிசகினாலும் வாசலில் வந்து நிற்பார்கள். அதையே எழுதுங்கள்: “பால் பண்ணையாளர்களின் நாளாந்தக் கொள்வனவு, கொடுப்பனவுக் கணக்குகளை எக்செலில் பராமரிக்கும் கணக்கியல் பட்டதாரி. பண்ணையாளருடன் தமிழிலும் தலைமை அலுவலகத்துடன் சிங்களத்திலும் பேசி அலுவல் முடிப்பவர்.” எத்தனை பண்ணையாளர் என்ற சரியான தொகையையும் சேருங்கள். சிங்களம் பேச வராவிட்டால் அந்த வரியை வெட்டிவிடுங்கள். நேர்முகத் தேர்வில் இரண்டாம் கேள்வியே சிங்களத்தில் வரலாம்.

இதே வாசகத்தை எல்லா இடத்துக்கும் அனுப்பாதீர்கள். ஆடைத் தொழிற்சாலை அலுவலகத்துக்கு என்றால் கொடுப்பனவுக் கணக்கு முன்னால் வரட்டும். வாழ்வாதாரத் திட்டம் நடத்தும் தொண்டு நிறுவனம் என்றால் பண்ணையாளரோடு பழகிய அனுபவம் முன்னால் வரட்டும். அங்கே அநேகமாக ஆங்கிலத்தில் கேட்பார்கள். போனில் மொழிபெயர்த்ததை அப்படியே ஒட்டாமல், ஆங்கிலம் தெரிந்த ஒருவருக்குக் காட்டுங்கள். வர்த்தமானியில் வரும் அரச வேலைகளுக்கு மாதிரிப் படிவம் இருக்கும், அதில் இந்த வாசகத்துக்கு இடமே இல்லை.

எழுதி முடித்ததும் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ” என்று கேட்டால் ஊர், பாடசாலை, ஓ/எல் பெறுபேறு என்று தொடங்காமல் இதிலிருந்து தொடங்கலாம்.

அப்புறம், அந்தத் ‘தலைமைத்துவம்’. ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பொருளாளராக இருந்திருந்தால் ‘பொருளாளர்’ என்றே, ஆண்டோடு போடுங்கள். இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். கடைசியில் உறவினரல்லாத இருவரின் பெயர் கொடுப்பீர்கள்தானே? விண்ணப்பம் அனுப்பும் முன்பே அவர்களுக்கு இந்த வாசகத்தை வாசித்துக் காட்டுங்கள். நிறுவனம் அவர்களுக்குத்தான் கோல் எடுக்கும்.