வாசகர் கேள்வி: ட்வீட்டருக்கு முன்னால் ஒரு கண்டென்சர்

கேள்வி: ரிச்சி தெருவில் உதிரிபாகங்கள் வாங்கி வீட்டிலேயே ஸ்பீக்கர் பெட்டி ஒன்று செய்தேன். உயர்ந்த ஒலிகளைத் தரும் சிறு ஸ்பீக்கரான 8 ஓம் ட்வீட்டருடன் 4.7 மைக்ரோஃபாரட் கண்டென்சரைத் தொடராக இணைக்கச் சொன்னார் கடைக்காரர். அந்த ஒற்றைப் பொருள் மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கம்) தரும் தாழ்ந்த ஒலியைத் தடுத்து, ஜால்ராவின் ஒலியை மட்டும் எப்படி விடுகிறது? 4.7 கிடைக்காதபோது 2.2 அல்லது 10 போடலாமா?
— வாசகர், பெரம்பூர், சென்னை

பதில்: கடையில் கண்டென்சர் என்றும் பாடநூலில் மின்தேக்கி என்றும் வழங்கப்படும் இப்பொருளுக்குள் இரண்டு உலோகப் பரப்புகளும், அவற்றுக்கு நடுவே மின்சாரம் பாயாத மெல்லிய படலம் ஒன்றும் உள்ளன. ஆகவே மின்னோட்டம் இதனூடே கடந்து செல்வதே இல்லை. ஒரு பரப்பில் மின்னூட்டம் சேரச் சேர, மறு பரப்பிலிருந்து அதே அளவு வெளியேறுகிறது. அப்படிச் சேர்ந்த மின்னூட்டம் மேற்கொண்டு வருவதை எதிர்ப்பதால், சற்று நேரத்தில் ஓட்டம் அடங்கிவிடுகிறது. அந்தச் 'சற்று நேரம்' எவ்வளவு என்பதில்தான் தங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது.

8 ஓமையும் 4.7 மைக்ரோஃபாரடையும் பெருக்கினால் 37.6 மைக்ரோ விநாடி கிடைக்கும். மாறாத மின்னழுத்தம் ஒன்றைக் கொடுத்தால் இந்நேரத்துக்குள் மின்தேக்கி சுமார் 63 விழுக்காடு நிரம்பிவிடும். தொப்பியின் ஒலி 100 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அந்த அலை ஒரு திசையில் 5,000 மைக்ரோ விநாடி நீடிப்பதால், அது மெல்ல ஏறும்போதே மின்தேக்கியும் கூடவே நிரம்பி, ஆம்ப்ளிஃபயர் தரும் மின்னழுத்தத்தில் பெரும்பகுதியைத் தானே ஏற்றுக்கொள்கிறது. ட்வீட்டருக்கு எஞ்சுவது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். 10,000 ஹெர்ட்ஸ் அலையோ 50 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை திசை மாறுகிறது. நிரம்பி முடிவதற்குள் காலியாக வேண்டிய கட்டாயம் வந்துவிடுவதால், ஓட்டம் அடங்குவதற்கு நேரமே கிடைப்பதில்லை. அதே மின்தேக்கி முதல் அலைக்கு 339 ஓம் மின்மறுப்பையும் (மாறி மாறிப் பாயும் ஓட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு), இரண்டாவதற்கு வெறும் 3.4 ஓம் மின்மறுப்பையும் காட்டுகிறது.

அந்த 37.6 மைக்ரோ விநாடியை 6.28-ஆல் பெருக்கி, வரும் தொகையால் ஒரு விநாடியை வகுத்தால் ஏறத்தாழ 4,230 ஹெர்ட்ஸ் வரும். இதற்கு வெட்டு அதிர்வெண் என்று பெயர். பெயர்தான் வெட்டே தவிர, அங்கே எதுவும் நறுக்கென்று நின்றுவிடுவதில்லை. அப்புள்ளியில் ட்வீட்டருக்குச் செல்லும் திறன் பாதியாகிறது. அதற்கு வெகு கீழே, ஒரு ஸ்தாயி இறங்கும்போதெல்லாம், அதாவது அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம், மின்னழுத்தம் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும். (ட்வீட்டரின் 8 ஓம் என்பதும் எல்லா அதிர்வெண்ணிலும் மாறாத எண் அன்று, எனவே இக்கணக்கைத் தோராயமாகவே கொள்ள வேண்டும்.) தாழ்ந்த ஒலிகளைத் தரும் பெரிய ஸ்பீக்கரான ஊஃபருக்கு இதன் தலைகீழ் வேலை தேவை; அதை, தொடராக இணைக்கப்படும் 0.3 மில்லிஹென்றி கம்பிச் சுருள் செய்யும்.

2.2 போட்டால் வெட்டு அதிர்வெண் 9,000 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். ட்வீட்டருக்கு ஆபத்தில்லை, ஆனால் அதற்குக் கீழுள்ள பகுதியை ஊஃபரும் சரியாகத் தராவிட்டால், பாடகர் உச்சரிக்கும் சொற்களிலுள்ள 'ஸ்' என்ற சீறல் ஒலி மங்கிக் கேட்கும். 10 போடுவதை நான் ஏற்க மாட்டேன்: வெட்டு அதிர்வெண் 2,000 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, ஒலியைக் கூட்டும் நாளில் ட்வீட்டரின் நுண்ணிய சுருள் கருகக்கூடும்.

4.7 கிடைக்காவிட்டால் இரண்டு 2.2-களைப் பக்க இணைப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் 4.4 ஆகி, வெட்டு அதிர்வெண் 4,500 ஹெர்ட்ஸ் அளவில் நிற்கும்; காதுக்கு வித்தியாசம் அநேகமாகத் தெரியாது. ஒலி மின்னோட்டம் இரு திசையிலும் மாறி மாறிப் பாய்வதால், வாங்கும்போது 'நான்-போலார்' என்று கேட்டு வாங்குங்கள். ஒரு முனையில் கழித்தல் குறி அச்சிட்ட சாதாரண எலக்ட்ரோலிட்டிக் வகை இதற்கு உதவாது.