கணவர் என் சம்பளத்தைக் கேட்கிறார், கொடுக்காவிட்டால் பாவமா?

கேள்வி கேட்ட சகோதரி சொல்லியிருப்பது இதுதான்: வேலைக்குப் போகிறார். சம்பளம் விழுந்த அன்றே ஏடிஎம் கார்டு கணவர் கைக்குப் போய்விடுகிறது. "பொண்டாட்டி காசு புருஷனுக்குத்தானே" என்கிறார் மாமியார். மறுத்தால் மார்க்கப்படி குற்றமா, மறுப்பதானால் எப்படிப் பேசுவது?

குற்றம் இல்லை. நான் ஆலிமா (மார்க்கக் கல்வி கற்றவள்) அல்ல, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த மதரஸாவில் ஓதினாய் என்று கேட்க வருகிறவர்களுக்கு: எங்கும் ஓதவில்லை, தர்ஜுமா, அதாவது குர்ஆனின் தமிழாக்கம், படிக்கத் தெரியும். ஆண்கள் சம்பாதித்ததில் ஆண்களுக்குப் பங்கு, பெண்கள் சம்பாதித்ததில் பெண்களுக்குப் பங்கு என்கிறது குர்ஆன் 4:32. வீட்டுச் செலவு, அதாவது நஃபகா, கணவர் தலையில். ஆண்களுக்குப் பொறுப்பு கொடுக்கிற 4:34, அவர்கள் தங்கள் பொருளைச் செலவழிப்பதையும் அதற்குக் காரணமாகச் சொல்கிறது. நம்மில் பலர் அந்த வசனத்தில் பாதியோடு நிறுத்திக்கொள்கிறோம். வேலைக்குப் போக ஒப்புக்கொள்வதற்கு ஈடாகச் செலவில் பங்கு கேட்கலாம் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு, மறைக்கவில்லை. அதுவும் இருவரும் பேசி முடிவு செய்வது. கார்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வது அதில் சேராது.

நீங்கள் இன்னும் வாயே திறக்கவில்லை என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள். நானும் ஆறு வருடம் திறக்கவில்லை.

என் மஹர், அதாவது கல்யாணத்தில் கணவர் எனக்குக் கொடுத்தது, மூன்று பவுன் சங்கிலி. கல்யாணமான இரண்டாம் வருடம் அவருடைய தொழிலில் ஒரு முட்டு. ஒரு நாள் காலையில் "சங்கிலியை எடுத்துக்கட்டுமா?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. விற்றுவிட்டார், தொழிலும் நிமிர்ந்தது. சங்கிலி திரும்பவில்லை, அதைப் பற்றிய பேச்சும் வரவில்லை. ஆனால் அவர் புதிதாக எது வாங்கினாலும் என் முகம் சுருங்கிவிடும். "என்ன?" என்பார். "ஒண்ணுமில்ல" என்பேன். அந்த ஒண்ணுமில்லையை வைத்தே ஆறு வருடம் அவரைத் தண்டித்தேன் என்பது இப்போது புரிகிறது.

கடைசியில் பேச வைத்தது ஒரு ரமலான். நாங்கள் ஹனஃபி. அணிகிற நகைக்கும் ஜகாத், அதாவது கட்டாய தர்மம், உண்டு என்பது எங்கள் மத்ஹபு (சட்டப் பிரிவு). ஷாஃபிகளுக்கு வேறு சட்டம், அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. நோட்டை விரித்து, இரண்டரை சதவீதம் போட என் நகையை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தார். வளையல், தோடு, மோதிரம். நான் மெதுவாக, "சங்கிலி?" என்றேன்.

பேனா நின்றது. "அதான் குடுத்துட்டியே."

"எப்ப குடுத்தேன்?"

"கேட்டேன்ல? நீ ஒண்ணும் சொல்லலையே."

"பீரோவைத் திறந்துக்கிட்டே கேட்டீங்க."

அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அன்பளிப்பு என்றால் சங்கிலி என் கணக்கில் வராது. கடன் என்றால் இன்றைக்கும் அது என் சொத்து. இரண்டில் ஒன்று எழுதாமல் அந்தப் பக்கத்தை முடிக்க முடியாது.

கன்னிப் பெண்ணின் மௌனமே அவள் சம்மதம் என்ற ஹதீஸ் (நபிமொழி) நம் எல்லோருக்கும் தெரியும். அது நிக்காஹ்வுக்குச் சொன்னது. அங்கேயும் முதலில் அவளிடம் கேட்டாக வேண்டும். அதை நகைக்கும் சம்பளத்துக்கும் நீட்டிக்கொண்டது நாம்தான். மஹரைப் பற்றிய 4:4 என்ன சொல்கிறது? அவர்களாகவே மனம் விரும்பி அதில் எதையாவது விட்டுக்கொடுத்தால், தாராளமாக அனுபவியுங்கள். மனம் விரும்பி என்பது வெளியே தெரிய வேண்டாமா? பேசாதவர் மீது ஒரு சொல்லை ஏற்ற முடியாது என்பது ஃபிக்ஹில், அதாவது மார்க்கச் சட்டத்தில், விதியாகவே இருக்கிறது.

அதே நோட்டில் அவரே எழுதினார்: எவ்வளவு எடை, எந்த வருடம், கடன். குர்ஆனிலேயே நீளமான வசனம் 2:282, கடனை எழுதி வையுங்கள் என்று சொல்வது. கணவன் மனைவிக்கு அது கிடையாது என்று அதில் எங்கும் இல்லை. "நம்பிக்கை இல்லையா?" என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

இது குடும்பத்தைப் பிரிக்கிற பதில் என்று யாராவது எழுதுவார்கள். அபூசுஃப்யான் கஞ்சத்தனம் செய்கிறார் என்று அவர் மனைவி ஹிந்த் நபியிடமே போய் முறையிட்டார். உனக்கும் பிள்ளைக்கும் நியாயமாகப் போதுமானதை எடுத்துக்கொள் என்றுதான் பதில் வந்தது. பொறுத்துப் போ என்று வரவில்லை. இன்னொரு பக்கமும் இருக்கிறது. நபித்தோழர் இப்னு மஸ்ஊதின் மனைவி ஜைனப், தன் காசைக் கணவருக்குச் செலவழித்தால் நன்மை உண்டா என்று நபியிடம் பிலால் மூலம் கேட்டனுப்பினார். இரண்டு கூலி என்றார்கள், உறவைப் பேணியதற்கு ஒன்று, தர்மத்துக்கு ஒன்று. கணவருக்குக் கொடுப்பதே தர்மமாகிறது என்றால் அந்தக் காசு யாருடையது?

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், ஆறவில்லை. இங்கிலாந்தில் கல்யாணமான பெண்ணுக்கு முழுச் சொத்துரிமை தரும் சட்டம் 1882-இல்தான் வந்தது, நமக்கு 1400 வருடம் முன்பே என்று என் அண்ணன் மேடையில் அருமையாகப் பேசுவார். அத்தா மௌத்தான (இறந்த) பிறகு அம்மாவுக்கு எட்டில் ஒன்று போக மீதியை ஐந்தாக்கினால் அதில் ஒன்று எனக்கு. எனக்கு இரண்டு அண்ணன்கள். வந்தது ஒரு தாளும் பேனாவும். "நீதான் நல்லா இருக்கியே, போட்டுடும்மா." போட்டுவிட்டேன். அன்றைக்கும் மௌனம்தான்.

சரி, உங்களுக்கு. கொடுங்கோலன் ஃபிர்அவ்னிடமே மென்மையாகப் பேசச் சொல்லித்தான் மூஸாவையும் ஹாரூனையும் அனுப்பினான் அல்லாஹ் (20:44). உங்கள் கணவர் அவனைவிட மோசமாக இருக்க மாட்டார். மாமியார் இல்லாத நேரம், சம்பளம் விழாத நாள் பாருங்கள். "என் உரிமை" என்று ஆரம்பிக்காதீர்கள். வீட்டுக்கு என்ன செலவு, அதில் நான் மனசார எவ்வளவு தருகிறேன், மீதி என் பெயரில் இருக்கட்டும் என்று தொகையாகப் பேசுங்கள். அப்படியே எழுதியும் வையுங்கள். அடிதடி, மிரட்டல் இருக்கிற வீடு என்றால் இது எதுவும் பொருந்தாது, முதலில் உங்கள் பக்கத்து ஆட்களை வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நோட்டில் இரண்டு பவுன் அடைந்துவிட்டது. போன மாதம், "மீதி ஒரு பவுனை விட்டுடுறியா?" என்று கேட்டார், இந்த முறை உட்கார்ந்து கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.