மூன்றாம் நாளில் கூட்டாளிக்குக் கால் ஓயாமல் இருக்க

சைக்கிளில் ஏற்றங்கள் ஏறும்போது கூட்டாளியை முன்னால் விடுங்கள், நீங்கள் பின்னால் வாருங்கள். கேப் எபிக் (தென்னாப்பிரிக்காவில் இருவர் சேர்ந்து ஓட்டும் பல நாள் மலைச் சைக்கிள் போட்டி) விதிப்படி இருவருக்கும் இடையே 2 நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது. அதனால் மேலே போய்க் காத்திருப்பதில் உங்களுக்கு லாபமே இல்லை. உங்களைத் துரத்தித்தான் அவர் முதல் நாளிலேயே காலைத் தீர்த்துவிடுகிறார்.

கோலாலம்பூரின் புக்கிட் கியாரா மலைத் தடங்களில் தொடர்ந்து 3 நாள் ஓட்டினால் மூன்றாம் நாள் அவர் தளர்கிறார், பயிற்சியைக் கூட்டவா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 4 மணி நேரத்துக்கு அவர் எடுப்பது இரண்டே ஜெல் (மாவுச்சத்துக் கூழ்ப் பொட்டலம்) என்கிறீர்களே, எனக்கு அதுதான் முக்கியக் காரணமாகப் படுகிறது. இரண்டும் சேர்ந்து 50 கிராம் மாவுச்சத்து வந்தாலே அதிகம். தேவையோ மணிக்குக் குறைந்தது 60 கிராம்! அந்தப் பற்றாக்குறை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும்.

அடுத்த வார இறுதியில் இப்படிப் பாருங்கள்:

1. நன்றாகப் பசியாறிவிட்டுக் கிளம்பட்டும். பசி எடுக்கும்வரை காத்திருக்காமல், மணிக்கு ஒரு வாழைப்பழம், அரை லிட்டர் ஐசோடோனிக் பானம் (சர்க்கரையும் உப்பும் கலந்த விளையாட்டுப் பானம்).

2. புறப்படும் முன்னும் முடித்த பின்னும் எடை பார்க்கட்டும். 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் தண்ணீரும் உப்பும் போதவில்லை. எடை கூடியிருந்தால் அதைவிட ஆபத்து, வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிக்கிறார்.

3. இறங்கியதும் சோறு. குளியல் அப்புறம்.

ஞாயிறன்றும் கால் தளராமல் இருந்தால், இதுவரை தளர்ந்ததற்குக் காரணம் சாப்பாட்டுக் குறைதான்.

ஒன்று மட்டும்: தசை வீங்கி வலித்து, சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால் அது களைப்பு அல்ல. சைக்கிளை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.